டைட்டானியம் டை ஆக்சைடு படலத்தில் ஒளிமின்னோட்டம் அளப்பது

எஃப்டிஓ கண்ணாடியை (ஒரு பக்கம் ஃபுளூரின் கலந்த டின் ஆக்சைடு பூசிய, மின்சாரம் கடத்தும் கண்ணாடி) சோப்பு நீர், அசிட்டோன், எத்தனால் என்ற வரிசையில் கழுவிக் காயவையுங்கள். கடத்தும் பக்கம் எது என்று மல்டிமீட்டரில் பார்த்த பிறகே பசையைத் தொடுங்கள். பலர் சறுக்குவது இங்கேதான். ஓரங்களில் செலோடேப் ஒட்டி, டைட்டானியா (டைட்டானியம் டை ஆக்சைடு) பசையைக் கண்ணாடிக் குச்சியால் ஒரே இழுப்பில் பரப்புங்கள். காய்ந்ததும் டேப்பை உரித்து, 450 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் சுடுங்கள். சூட்டை நிமிடத்துக்கு 5 டிகிரி வீதம் ஏற்றினால் போதும். அவசரப்பட்டாலோ பசை தடித்தாலோ படலம் விரிசல் விட்டு உரியும்.

கலத்தில் இந்தப் படலமே அளக்கப்படும் மின்முனை; கரைசலுக்கு 0.1 மோலார் சோடியம் சல்பேட், எதிர்முனைக்குப் பிளாட்டினம் கம்பி, ஒப்பீட்டுக்கு வெள்ளி-வெள்ளி குளோரைடு மின்முனை. ஒளிக்கு 365 நானோமீட்டர் எல்இடி. அனடேஸ் என்ற டைட்டானியா படிக வடிவின் ஆற்றல் இடைவெளி, அதாவது எலக்ட்ரானைக் கிளப்பிவிட ஒளிக்குத் தேவையான குறைந்தபட்ச ஆற்றல், 3.2 எலக்ட்ரான் வோல்ட். ஆகவே சுமார் 388 நானோமீட்டருக்கு மேற்பட்ட ஒளியால் பயனில்லை. புற ஊதா ஒளியை நேரே பார்க்காதீர்கள், புற ஊதா தடுக்கும் பாதுகாப்புக் கண்ணாடி அணியுங்கள்.

மின்னழுத்தத்தை −0.5 முதல் +1.0 வோல்ட் வரை விநாடிக்கு 10 மில்லிவோல்ட் வீதம் நகர்த்தி, ஒளியை 5 விநாடிக்கு ஒருமுறை மறையுங்கள். ஒளி பட்டதும் மின்னோட்டம் கூராக எழும்பி உடனே சரிகிறதா? அப்படியானால், துளைகள் (எலக்ட்ரான் கிளம்பிய இடத்தில் மிஞ்சும் நேர்மின் வெற்றிடங்கள்) நீரை ஆக்சிஜனேற்றாமல் மேற்பரப்பில் தேங்கி எலக்ட்ரான்களோடு சேர்ந்துவிடுகின்றன. துளைகளை எளிதில் வாங்கிக்கொள்ளும் மெத்தனாலைக் கொஞ்சம் விட்டுப் பாருங்கள்: கூர்முனை மழுங்கி மின்னோட்டம் உயர்ந்தால் சந்தேகம் சரி. இருட்டிலேயே மின்னோட்டம் ஓடினால், கண்ணாடியைப் பிடித்திருக்கும் முதலை வாய்க் கவ்வி கரைசலில் நனைந்திருக்கிறதா என்று பாருங்கள்.