முதலில் எழுதிவிட்டுப் பிறகு ஆதாரம் தேடாதீர்கள்: விக்கிப்பீடியாவுக்குப் புதியவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் கடலூரில் ஒரு கல்லூரியின் கணினி அறையில் இருபது மாணவர்கள் தமிழ் விக்கிப்பீடியாவில் தங்கள் முதல் கட்டுரையை எழுத உட்கார்ந்தார்கள். மதியச் சாப்பாட்டுக்குள் பதினோரு கட்டுரைகள் வந்துவிட்டன. சாயங்காலம் டீ வருவதற்குள் அவற்றில் ஏழின் தலையில் நீக்கல் வார்ப்புரு, அதாவது கட்டுரையை நீக்கலாம் என்று எச்சரிக்கும் பெட்டி, ஏறியிருந்தது. அந்த ஏழிலும் இருந்த தவறுகள் எல்லாமே என் முதல் வருடத்தில் நான் செய்தவை. இரண்டு பேர் முகம் வாடிப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்கள். அவர்கள் திரும்பி வர வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஒற்றுப்பிழை, பகுப்பு சேர்க்க மறப்பது, தலைப்பில் தேவையில்லாத புள்ளி இதையெல்லாம் பேசப் போவதில்லை. அண்மைய மாற்றங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும் யாராவது வந்து இரண்டு நிமிடத்தில் சரிசெய்துவிடுவார்கள். கட்டுரையையே காவு வாங்கும் தவறுகள் வேறு.

எடுத்த எடுப்பில் புதுக் கட்டுரை

தமிழ் விக்கிப்பீடியா 2003-இல் தொடங்கியது. உங்கள் ஊர், ஆறு, கோயில் பற்றிய கட்டுரை பெரும்பாலும் ஏற்கெனவே இருக்கும், ஆனால் பாதி வயிறோடு இருக்கும். அதில் ஆதாரத்தோடு ஒரே ஒரு வரி சேருங்கள். அடுத்த நாள் போய்ப் பாருங்கள், அந்த வரி நிற்கிறதா, யாராவது திருத்தியிருக்கிறார்களா என்று. இப்படிப் பத்து வரி நின்ற பிறகு புதுக் கட்டுரைக்கு வரலாம். அதையும் முதலில் உங்கள் மணல்தொட்டியில், அதாவது எழுதிப் பழகுவதற்கான பக்கத்தில், எழுதிப் பாருங்கள்.

வெட்டி ஒட்டுவது

கூடாது. அரசுத் தளத்திலிருந்து எடுத்தாலும், அடியில் நன்றி என்று போட்டாலும் கூடாது.

எழுதி முடித்த பிறகு ஆதாரம் தேடுவது

எத்தனை வருடம் ஆனாலும் எனக்கு மனம் ஆறாத தவறு இது.

புதியவர்கள் தமக்குத் தெரிந்ததை மளமளவென்று எழுதிவிடுகிறார்கள். யாராவது வந்து 'மேற்கோள் தேவை' என்று போட்டதும், தாங்கள் எழுதிய வரியையே கூகுளில் போட்டுத் தேடுகிறார்கள். முதலில் வந்து விழும் பக்கத்தை எடுத்து அடிக்குறிப்பில் செருகிவிடுகிறார்கள். பார்வைக்குக் கட்டுரை சுத்தமாக இருக்கும். வரிக்கு வரி எண் இருக்கும். அந்த எண்களுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று யாரும் போய்ப் பார்ப்பதில்லை.

என் தாய்வழித் தாத்தாவின் ஊர் குறிஞ்சிப்பாடிப் பக்கம். அங்கே ஒரு ஏரி. விக்கிப்பீடியாவுக்கு வந்த புதிதில் அதைப் பற்றி நான்கு பத்தி எழுதினேன். கலங்கல், வாய்க்கால், எந்தெந்த ஊருக்குத் தண்ணீர் போகும் என்பதெல்லாம் எழுதிவிட்டு, மதகு எப்போது கட்டியது என்று தாத்தாவைக் கேட்டேன். "தாது வருஷப் பஞ்சத்துல கஞ்சி ஊத்தி வேல வாங்குனாங்க, அப்ப கட்டுனதுடா" என்றார். தாது வருடப் பஞ்சம் 1876 முதல் 1878 வரை. நான் நடுவில் இருந்த ஆண்டை எடுத்து, 'இம்மதகு 1877-இல் கட்டப்பட்டது' என்று எழுதினேன். தாத்தா ஆண்டு எதுவும் சொல்லவில்லை. அந்த எண்ணைப் போட்டது நான்.

யாரும் கேள்வி கேட்கவில்லை. சில வருடம் கழித்து ஊரில் ஏரியைத் தூர்வாரியபோது வைத்த பேனரில் 1877 வந்தது. அழைப்பிதழில் வந்தது. பிறகு ஒரு சிற்றிதழ், ஏரிகள் பற்றிய கட்டுரையில் அதை எடுத்துப் போட்டது.

மூன்று வருடத்துக்கு முன் வேறொரு பயிற்சியில் அந்த ஊர் மாணவி ஒருத்தி அதே ஏரிக் கட்டுரையை விரிவாக்க எடுத்தாள். பொறுப்பான பெண். 1877 என்ற எண்ணுக்கு அந்தச் சிற்றிதழை இதழ் எண், பக்க எண்ணோடு மேற்கோள் காட்டியிருந்தாள்.

"இதுக்கு வேற ஆதாரம் ஏதாவது இருக்காம்மா?"

"பத்திரிகையிலயே வந்திருக்கே சார்."

"அவங்களுக்கு எங்கேருந்து கிடைச்சுது?"

கட்டுரையின் வரலாற்றைத் திறக்கச் சொன்னேன். பழைய பதிப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து பின்னோக்கிப் போனாள். 1877 முதன்முதலாக வந்த திருத்தத்துக்குப் பக்கத்தில் என் பயனர் பெயர் இருந்தது. அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவளும் அவள் அண்ணனும் நானுமாக ஏரிக்குப் போனோம். மதகின் பக்கச் சுவரில் பாசி மூடிய கல் ஒன்று உண்டு. நான் சின்ன வயதில் அதன்மேல் உட்கார்ந்து தூண்டில் போட்டிருக்கிறேன். தேங்காய் நாரை நனைத்துத் தேய்த்தோம். நான்கு எண்கள் மங்கலாகத் தெரிந்தன. முதல் இரண்டும் பதினெட்டு. மூன்றாவது எண் ஏழு இல்லை, ஒன்பது. பஞ்சமெல்லாம் முடிந்து ஒரு தலைமுறை வளர்ந்த பிறகு வைத்த கல்.

கட்டுரையிலிருந்து 1877-ஐ எடுத்தேன். நாங்கள் கல்லில் படித்த ஆண்டையும் போடவில்லை. தேய்ந்துபோன எண்ணை நாமே படித்து, கட்டியது அப்போதுதான் என்று முடிவுகட்டுவது சொந்த ஆய்வு, அதற்குக் கலைக்களஞ்சியத்தில் இடமில்லை. கல்லின் படத்தை விக்கியின் படக் களஞ்சியமான பொதுவகத்தில் ஏற்றிவிட்டு, நடந்ததைக் கட்டுரை பற்றி விவாதிக்கும் பேச்சுப் பக்கத்தில் எழுதி வைத்தேன். அதற்குப் பிறகும் மூன்று பேர் 1877-ஐத் திரும்பச் சேர்த்துவிட்டார்கள். மூவரும் நல்ல மனதோடு, அதே சிற்றிதழை மேற்கோள் காட்டித்தான் சேர்த்தார்கள். "ஆதாரம் உள்ள தகவலை ஏன் நீக்குகிறீர்கள்?" என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. பேனர் கிழிந்துபோயிருக்கும், ஆனால் அச்சான இதழ் நூலகத்தில் இருக்கிறது. நாளைக்கு ஒரு ஆய்வு மாணவர் அதை எடுத்துத் தன் ஆய்வேட்டில் போட்டால் நான் எங்கே போய் அழிப்பேன்?

ஆகவே முறையைத் தலைகீழாக்குங்கள். நூலைக் கையில் எடுத்துக்கொண்டு உட்காருங்கள். நூலில் உள்ளதை மட்டும், உங்கள் சொந்த நடையில் எழுதுங்கள். தாத்தா சொன்னதை நூல் சொல்லவில்லை என்றால், அது எவ்வளவு உண்மையாக இருந்தாலும், இப்போதைக்கு உங்கள் நோட்டில் இருக்கட்டும்.

இணையப் பக்கத்தை மேற்கோள் காட்டும்போது, அது விக்கிக் கட்டுரைக்கு முந்தியதா பிந்தியதா என்று தேதியைப் பாருங்கள். பிந்தியது என்றால், அது தன் ஆதாரத்தைச் சொல்கிறதா என்று பாருங்கள். வாக்கியமே வரிக்கு வரி ஒத்துப்போனால், அது இங்கிருந்து எடுத்ததாக இருக்கலாம். அதை வைத்து விக்கிப்பீடியாவை நிரூபிப்பது, விக்கிப்பீடியாவை வைத்தே விக்கிப்பீடியாவை நிரூபிப்பதாகிவிடும்.

"எங்க ஊரப் பத்தி எந்தப் புத்தகமும் இல்ல சார்" என்று எல்லாப் பயிற்சியிலும் ஒருவராவது சொல்வார். தேடும் சொல் தவறு, அவ்வளவுதான். கடலூர் மாவட்டம் என்ற பெயரே 1993-இல்தான் வந்தது. அதற்கு முன் இது தென்னார்க்காடு. அந்தப் பெயரில் தேடினால் கார்ஸ்டின் 1878-இல் எழுதிய மாவட்டக் கையேடு கிடைக்கும், பிரான்சிஸ் எழுதி 1906-இல் வந்த மாவட்ட கெசட்டியர் கிடைக்கும். ஊர்ப் பெயரையும் பழைய வடிவங்களில் தேட வேண்டும், கடலூரைக் கூடலூர் என்றும் சேர்த்து. புதுச்சேரிக்காரர்களுக்குப் பாண்டிச்சேரி, புதுவை என்று தேடினால்தான் கதவு திறக்கும். ஆங்கிலத்தில் அந்த ஊரின் பெயர் அதிகாரபூர்வமாக மாறியதே 2006-இல்தான். நேரில் போக முடிந்தால் புதுச்சேரியில் ரோமன் ரோலண்ட் நூலகம் இருக்கிறது, 1827-இலிருந்து இருக்கிறது. ஒரு பகல் அங்கே உட்கார்ந்தால், பத்து நாள் கூகுளில் கிடைக்காதது கிடைக்கலாம்.

பக்தியும் பாராட்டும்

திருப்பாதிரிப்புலியூர் பாடலீசுவரர் கோயில் பற்றி ஒரு தம்பி எழுதியது இது: 'நாடி வரும் பக்தர்களின் வினைகளைத் தீர்த்து அருள்பாலிக்கும் ஒப்பற்ற திருத்தலம்.' நாங்கள் இருவரும் உட்கார்ந்து மாற்றியது: 'தேவாரப் பாடல் பெற்ற தலங்களுள் ஒன்று. கல்லோடு கட்டிக் கடலில் எறியப்பட்ட திருநாவுக்கரசர் இவ்வூருக்கு அருகே கரையேறினார் என்பது சைவ மரபு.'

பிரதோஷம் தவறாமல் அந்தச் சன்னிதிக்குப் போகிறவன் நான். இரண்டாவது வடிவத்தில் சாமிக்கு ஒரு குறைவும் வந்துவிடவில்லை. எதை யார் சொல்கிறார்கள் என்பது அதில் தெரிகிறது. சைவரல்லாதவரும் அதை மறுக்காமல் படிக்கலாம். 'உலகப் புகழ்பெற்ற', 'தன்னிகரற்ற', 'அன்னாரது சேவை அளப்பரியது' போன்றவற்றை எழுதும் முன்பே விட்டுவிடுங்கள்.

இரண்டு தேதி இருந்தால் ஒன்றை அழிப்பது

புதுச்சேரி விடுதலை பெற்ற நாள் எது என்று இரண்டு புதியவர்கள் ஒருவர் எழுதியதை ஒருவர் மாற்றி மாற்றி, ஒரே நாளில் ஆறு முறை திருத்தினார்கள். இரண்டு பேருமே சரி. கீழூரில் 1954 அக்டோபர் 18 அன்று நடந்த வாக்கெடுப்பில் 178 பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்தார்கள். அதே ஆண்டு நவம்பர் 1 அன்று ஆட்சி நடைமுறையில் கைமாறியது. சட்டப்படியான மாற்றம் 1962 ஆகஸ்டு 16 அன்று. இந்த மூன்றையும் அடுத்தடுத்து எழுதினால் சண்டைக்கு வேலையே இல்லை. தேதி முட்டிக்கொண்டால் அழிக்கக் கை வைக்காதீர்கள், இரண்டும் எந்தெந்த நிகழ்ச்சியின் தேதி என்று பாருங்கள்.

இயந்திரம் மொழிபெயர்த்ததை அப்படியே ஏற்றுவது

விக்கியிலேயே மொழிபெயர்ப்புக் கருவி இருக்கிறது, நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் கருவி தருவது வெறும் கச்சாப் பொருள். ஒரு சுதந்திரப் போராட்ட வீரரைப் பற்றிய கட்டுரையில், 'அவர் இரண்டு மகன்களால் உயிர் பிழைத்தார்' என்று ஒரு வரி. அவர் காலமானபோது மகன்கள் இருவர் உயிரோடு இருந்தார்கள் என்பதுதான் ஆங்கில மூலத்தின் பொருள். இறந்துபோனவரைப் பற்றிய வரி, அவர் குடும்பத்தார் படிக்கப்போகிற வரி. ஏற்றுவதற்கு முன் ஒரு தடவை வாய்விட்டுப் படித்திருந்தால் தெரிந்திருக்கும்.

கூகுளில் எடுத்த படம்

போடாதீர்கள். போன் கையில்தானே இருக்கிறது, நீங்களே போய் எடுங்கள்.

உங்களைப் பற்றி, உங்கள் அப்பாவைப் பற்றி, உங்கள் கடையைப் பற்றி

எழுதாதீர்கள்.

நீக்கல் வார்ப்புருவை நீங்களே எடுத்துவிடுவது

அந்தச் சிவப்புப் பெட்டியைப் பார்த்ததும் கை பதறும், எனக்குத் தெரியும். அதை எடுத்தால் இன்னொருவர் திரும்ப வைப்பார், உங்கள் பெயரும் கெடும். பெட்டிக்குள் காரணம் எழுதியிருக்கும், அதைப் படியுங்கள். பேச்சுப் பக்கத்தில், 'இந்த நூலில் இந்தப் பக்கத்தில் இருக்கிறது, சேர்க்க இரண்டு நாள் வேண்டும்' என்று எழுதிக் கையொப்பமிடுங்கள். பதில் வரவில்லை என்றால் ஆலமரத்தடி என்ற பொது உரையாடல் பக்கத்தில் கேளுங்கள், அங்கே யாராவது இருப்பார்கள். அன்று பையைத் தூக்கிக்கொண்டு போன இரண்டு பேரின் கட்டுரைகளிலும் நான் அப்படித்தான் அவகாசம் கேட்டு எழுதி வைத்திருக்கிறேன்.