சாம்பல் கசப்பிலிருந்து மீட்ட விஸ்கி: என் அனுபவம்
சொந்தப் பயன்பாட்டுக்கு வீட்டிலேயே மதுவை வடித்துக்கொள்ள 1996 முதல் சட்டம் இடமளிக்கும் நியூசிலாந்தில் வாழ்வதால், பார்லி மால்ட்டிலிருந்து (முளைகட்டி உலர்த்திய பார்லி) வடித்த விஸ்கியைக் கண்ணாடி ஜாடிகளில் ஓக் துண்டுகளோடு ஊறவைத்து முதிர்விப்பதில் நான் மிகுந்த ஈடுபாடு கொண்டிருக்கிறேன். சென்ற குளிர்காலத்தில் அத்துண்டுகளுக்கு மனுகா என்ற நியூசிலாந்து மரத்தின் தூள் புகையை ஊட்டினேன். மூன்றே வாரங்களில் விஸ்கியில் ஈரச் சாம்பலின் கசப்பு ஏறிவிட்டது.

மீதமிருந்த துண்டுகளைத் தொட்டுப் பார்த்தபோது காரணம் விளங்கியது. காற்று போதாமல் கனன்ற தூளிலிருந்து எழுந்த அடர்ந்த வெண்புகை, தார் போன்ற பிசுபிசுப்பாக அவற்றின் மேல் படிந்திருந்தது. அதைவிடப் பெரிய பிழை, ஓக் துண்டுகளை முதலில் வறுக்காமல் விட்டதுதான். வெனிலா மணமும் கருகிய சர்க்கரையின் இனிமையும் புகையிலிருந்து வருவதில்லை, மரத்தின் கட்டமைப்புப் பொருள்களான லிக்னினும் ஹெமிசெல்லுலோசும் வெப்பத்தில் சிதைவதால்தான் பிறக்கின்றன.

எனவே புதிய ஓக் துண்டுகளை அலுமினியத் தாளில் சுற்றி, மின்னடுப்பில் 190 டிகிரி செல்சியஸில் 2 மணி நேரம் வறுத்தேன். பிறகு காற்றோட்டத்தைக் கூட்டி, மெல்லிய நீலப் புகை வரும்வரை பொறுத்திருந்து, 40 நிமிடங்கள் மட்டும் புகையூட்டினேன். லிட்டருக்கு 2 துண்டுகள் வீதம், 60 விழுக்காடு ஆல்கஹாலில் ஊறவைத்து, வாரந்தோறும் சுவைத்துப் பார்த்தேன்.

கசந்துபோன விஸ்கியையும் நான் கொட்டவில்லை. புகையேறாத விஸ்கி 4 பங்குக்கு அதில் 1 பங்கு கலந்து இரண்டு மாதங்கள் வைத்திருந்தபோது, கசப்பு அடங்கி, மனுகாவின் மணம் மட்டும் தெளிவாக நின்றது.