வீட்டு நாய்க்கு மேலங்கி மாட்டாதீர்கள்

அக்டோபர் 15, பார்வையற்றோரின் வெண்கோல் நாள். அதற்காகக் கும்பகோணத்தில் கல்லூரிப் பிள்ளைகள் விழிப்புணர்வு நிகழ்ச்சி ஒன்றுக்கு ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூலையில் ஒரு லாப்ரடார், யார் வீட்டுச் செல்லமோ. அதன் முதுகில் 'வழிகாட்டி நாய்' என்று எழுதிய துணி. பார்த்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. பதினொரு வருடத்துக்கு முன் நானும் இதையேதான் செய்தேன். மைக், பேனர், துண்டறிக்கைக் குறைகளையெல்லாம் நீங்களே சரிசெய்துகொள்வீர்கள். எனக்கு இன்றும் ஆறாதது இதுதான்.

இரவல் நாய்

டெல்டாவில் உதவி நாயை, அதாவது மாற்றுத்திறனாளிக்கு உதவப் பழக்கிய நாயை, நேரில் பார்த்தவர்கள் அபூர்வம். வெறும் பேச்சுக்கு யார் நிற்பார்கள் என்று நினைத்து, நண்பர் வீட்டு லாப்ரடாரை மன்னார்குடிக்குக் கூட்டிப்போனேன். டீக்கடை பெஞ்சிலிருந்த வடைத் தட்டில் அது வாய் வைத்துவிட்டது. கடைக்காரர் ஒன்றும் பேசாமல் தட்டோடு எடுத்துக் கொட்டினார்.

மறு வருடம், வெளிநாட்டில் வாழும் பார்வையற்ற தோழி ஒருவர் தன் வழிகாட்டி நாயோடு ஊருக்கு வந்திருந்தார். அதே கடைக்குப் போனோம். "இந்த நாயப் பத்தி எனக்குத் தெரியும்மா, வெளியில கட்டிட்டு வாங்க" என்றார் கடைக்காரர். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவருக்குத் தெரிந்த 'வழிகாட்டி நாய்' நான் காட்டியதுதானே. கீழே கிடக்கும் தின்பண்டத்தைத் தாண்டிப் போகப் பழகிய நாய், அன்று வாசலில் நின்றது.

இன்னொரு கேடும் உண்டு. பழக்கமில்லாத நாய் ஆளை இழுத்துக்கொண்டு ஓடும். பார்ப்பவர்கள் நாய்க்கு வழி தெரியும் என்று நம்பிவிடுவார்கள். வழி தெரிய வேண்டியது மனிதருக்குத்தான். வலது, இடது என்று அவர் சொல்ல, நாய் மணல் குவியலைச் சுற்றிக் கூட்டிப்போகும், படி வந்தால் நிற்கும். சிக்னல் நிறம் பார்த்து அது சாலையைக் கடப்பதில்லை. வண்டிச் சத்தத்தைக் கேட்டு அவர் முடிவெடுக்கிறார். அவர் 'போ' என்று சொன்ன பிறகும் வண்டி குறுக்கே வந்தால் நாய் நகராது. அப்படிச் சொல்லை மீறவும் அதற்குக் கற்றுக்கொடுக்கிறார்கள்.

இப்போது நாங்கள் நாயே இல்லாமல் செய்துகாட்டுகிறோம். வழிகாட்டி நாயின் சேணத்தில் இருக்கும் கைப்பிடியின் ஒரு முனை பார்வையற்ற ஆசிரியர் கையில், மறுமுனை ஒரு மாணவன் இடுப்பில். ஆசிரியர் சொன்னால்தான் அவன் திரும்பலாம். பாபநாசத்தில் ஒரு பையன் நடந்து முடித்துவிட்டு, "சார்தான் என்னக் கூட்டிட்டுப் போனாரு" என்றான். நான் ஒரு மணி நேரம் பேசியும் புரியவைக்க முடியாதது அது.

தடவிக்கொடுக்கலாமா?

கூடாது. சேணம் மாட்டியிருந்தால் அது வேலையில் இருக்கிறது. பிஸ்கட்டும் வேண்டாம். பேச்செல்லாம் நாயிடம் இல்லை, அவரிடம்.

பார்வையோடு நிறுத்திவிடுவது

காது கேளாதவரைத் தொட்டு, அழைப்பு மணியோ குழந்தையின் அழுகையோ கேட்கும் இடத்துக்குக் கூட்டிப்போகும் நாய்கள் உண்டு. சக்கர நாற்காலியில் இருப்பவருக்குக் கீழே விழுந்த சாவியை எடுத்துத் தருபவையும் உண்டு. அவற்றையும் சொல்லுங்கள்.

அமெரிக்கச் சட்டம்

உதவி நாயை உணவகத்துக்குள் அனுமதிக்கச் சொல்லும் 1990-ஆம் ஆண்டுச் சட்டம் அமெரிக்காவுடையது. அதை இங்கே படித்துக்காட்டினால், விஷயம் தெரிந்த ஒருவர் எழுந்து கேட்கும்போது பதில் இருக்காது. நம்முடைய 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது, பாகுபாடு கூடாது என்கிறது. பேச்சை அதிலிருந்து தொடங்குங்கள்.

ஏப்ரல் கடைசிப் புதன்

சர்வதேச வழிகாட்டி நாய் நாள். சித்திரை வெயில். உண்மையான உதவி நாயே விருந்தாளியாக வந்தாலும் பகலில் ஊர்வலம் வைக்காதீர்கள். புறங்கையைத் தார்ச்சாலையில் வைத்துப் பாருங்கள். உங்களால் பொறுக்க முடியாத சூட்டில் அது வெறுங்காலோடு நடக்க வேண்டும்.