படை விமானியாகப் போகிறவர் மணிக்கூடு பார்த்து வாங்குவது எப்படி?

போன மாதம் ஒரு தம்பி கடைக்கு வந்தார். இங்கே சீனக்குடா விமானப்படைத் தளத்தில் விமானப் பயிற்சி தொடங்கப் போகிறாராம். "அண்ணை, நல்ல பைலட் வோச் ஒண்டு வேணும்" என்றார். கையில் ஏற்கெனவே ஒன்று கட்டியிருந்தார். டயலில் விமானப் படம், உள்ளே மூன்று சின்ன வட்டங்கள், ஓரம் முழுக்கப் பொடி எழுத்தில் கணக்கு அளவுகோல்.

"கண்ணை மூடுங்கோ. திறந்து ஒருதரம் மணிக்கூட்டைப் பார்த்துட்டு திரும்ப மூடுங்கோ. விநாடி எத்தனை?" என்று கேட்டேன். அவரால் சொல்ல முடியவில்லை. நிமிடம்கூட இரண்டு தள்ளித்தான் சொன்னார். விலை குறைந்த மணிக்கூடு அல்ல அது. ஆனால் ஒரே பார்வையில் விநாடி பிடிபடாத மணிக்கூடு விமானிக்கு உதவாது, அதில் என்ன பெயர் எழுதியிருந்தாலும் சரி.

திருகோணமலையில் மணிக்கூடு திருத்துவதுதான் என் தொழில். அந்தத் தம்பிக்குச் சொன்னதைப் படிப்படியாக இங்கே எழுதுகிறேன்.

முதல் படி: அது என்ன வேலைக்கு என்று தெரிந்துகொள்ளுங்கள்

விமானத்தின் பலகையிலேயே மணிக்கூடு இருக்கும், ஜிபிஎஸ்ஸும் இருக்கும். கையில் இருப்பது அவை கைவிட்டால் கைகொடுக்க. அப்படி ஒரு நேரத்தில் அதை நம்பித்தான் கணக்குப் போட வேண்டும்.

சீனக்குடாவிலிருந்து மட்டக்களப்புக்கு நேர்க்கோட்டில் ஏறக்குறைய 58 கடல்மைல் (ஒரு கடல்மைல் 1.85 கிலோமீற்றர்). 120 நொட் வேகத்தில், அதாவது மணிக்கு 120 கடல்மைல், காற்று இல்லை என்று வைத்துக்கொண்டால், நிமிடத்துக்கு 2 கடல்மைல். அரை மணிக்குள் போய்விடலாம். கொட்டியாரக் குடாவைத் தாண்டி வெருகல் ஆற்று முகத்துவாரம் எத்தனையாவது நிமிடத்தில் கண்ணில் பட வேண்டும் என்பதை முதலிலேயே எழுதி வைத்துக்கொண்டுதான் பறப்பார்கள். இதில் 10 விநாடி பிசகினால் 600 மீற்றருக்கு மேல் பிசகும். திரும்புவதும் அப்படித்தான். வழமையான திருப்பத்தில் விமானம் விநாடிக்கு 3 பாகை திரும்பும். 90 பாகைக்கு 30 விநாடி, முழு வட்டத்துக்கு 2 நிமிடம். திசைகாட்டும் கருவி பழுதானால் விநாடி முள்ளைப் பார்த்துத்தான் திருப்பத்தை முடிக்க வேண்டும்.

இரண்டாம் படி: டயலைச் சோதியுங்கள்

கறுப்பு டயல், வெள்ளை எண்கள், நீளமான விநாடி முள். மணி முள்ளும் நிமிட முள்ளும் ஒன்றுபோல இருக்கக் கூடாது. நீளத்திலோ வடிவத்திலோ தெளிவான வித்தியாசம் வேண்டும். 12 இருக்கும் இடத்தில் முக்கோணமோ வேறு ஏதாவது தனி அடையாளமோ இருந்தால், கை எந்தப் பக்கம் திரும்பியிருந்தாலும் மேல் எது, கீழ் எது என்று குழம்பாது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் விமானப்படைக்குச் செய்த மணிக்கூடுகளில் இந்த முக்கோணம் இருந்தது. அவை 55 மில்லிமீற்றர் அகலம், தடித்த சட்டைக் கைக்கு மேலால் கட்டுவதற்காகச் செய்தவை. நம்முடைய வெக்கையில் அவ்வளவு பெரிது வேண்டாம். 38 முதல் 42 மில்லிமீற்றர் போதும். அதற்கு மேல் போனால் கையுறை ஓரத்திலும் சட்டைக் கையிலும் மாட்டும்.

அப்புறம் இருட்டில் பாருங்கள். ஊரில் எல்லோரும் "ரேடியம் மணிக்கூடு" என்றுதான் சொல்கிறோம். உண்மையான ரேடியம் கதிர்வீச்சு உள்ளது, இப்போது யாரும் பூசுவதில்லை. இன்றைய பூச்சு வெளிச்சத்தை வாங்கி வைத்துக்கொண்டு இருட்டில் விடும். முதல் சில நிமிடங்களில் பளிச்சென்று இருக்கும், பிறகு மங்கும். ஆகவே கடைக்காரர் கையால் பொத்திக் காட்டுவதை மட்டும் நம்பாதீர்கள். 20 நிமிடம் இருட்டில் வைத்துவிட்டு விநாடி முள்ளும் தெரிகிறதா என்று பாருங்கள். டிரிட்டியம் வாயுக் குழாய் வைத்தவை வெளிச்சம் இல்லாமலே இரவு முழுக்க ஒளிரும். ஆனால் டிரிட்டியத்தின் அரைவாழ்வு 12 வருடத்துக்குச் சற்று மேல். பழையதை வாங்கினால் ஒளி பாதியாகியிருக்கும்.

சிவப்பு முள் உள்ளதை வாங்கப் போகிறவர்கள் கைவிளக்கில் சிவப்புச் செலோபேன் தாளைச் சுற்றி அடித்துப் பாருங்கள். இரவில் கண் இருட்டுக்குப் பழகியிருக்க வேண்டும் என்று விமானிகள் சிவப்பு விளக்குப் பாவிப்பதுண்டு. அந்த வெளிச்சத்தில் வெள்ளையும் சிவப்பும் ஒன்றாகத்தான் தெரியும். வெள்ளை டயலில் சிவப்பு முள் காணாமலே போய்விடும்.

மூன்றாம் படி: உள்ளே என்ன ஓடுகிறது?

இதில் என் கருத்து உறுதியானது: தொடங்குகிறவர் குவார்ட்ஸ், அதாவது பற்றரியில் ஓடுவதை, வாங்குங்கள். முடிந்தால் சூரிய ஒளியில் மின் ஏற்றிக்கொள்வது. கை அசைவிலேயே தானாகச் சாவி ஏறும் ஓட்டோமற்றிக்கைத் திருத்தித்தான் நான் சோறு சாப்பிடுகிறேன், அந்த இயந்திரத்தின்மேல் எனக்குப் பெரிய மரியாதை. ஆனாலும் சாதாரண குவார்ட்ஸ் மாதத்துக்கு 15 விநாடி அளவில்தான் விலகும். தரச்சான்று பெற்ற சுவிஸ் ஓட்டோமற்றிக்குக்கே நாளொன்றுக்கு 6 விநாடி வரை கூட ஓட அனுமதி உண்டு.

பற்றரி திடீரென்று நின்றுவிடுமே என்று பயப்படுகிறவர்கள், பற்றரி முடியும் தறுவாயில் விநாடி முள் இரண்டிரண்டு விநாடியாகத் துள்ளும் வகையைக் கேட்டு வாங்குங்கள். அந்தத் துள்ளலைக் கண்ட அன்றே பற்றரியை மாற்றிவிடுங்கள்.

ஓட்டோமற்றிக்தான் வேண்டும் என்றால் இரண்டு சோதனை. ஒன்று, நேரம் வைக்கத் திருகும் பக்கத்துச் சாவியை வெளியே இழுங்கள். விநாடி முள் நிற்க வேண்டும். நின்றால்தான் எல்லோருடைய மணிக்கூடும் விநாடி பிசகாமல் ஒன்றாக வைக்க முடியும். செய்கோவின் 7எஸ்26 இயந்திரம் உள்ள பழைய மணிக்கூடுகள் நம் ஊரில் நிறைய உண்டு, நல்ல உழைப்பு, ஆனால் அவற்றில் முள் நிற்காது. 4ஆர்36 இயந்திரத்தில் நிற்கும்.

இரண்டு, காந்தம். ஒரு நாள் ஒருவர் "நாளுக்குப் பத்து நிமிசம் கூட ஓடுது" என்று ஒன்றைக் கொண்டுவந்தார். திறந்து பார்த்தால் உள்ளே தூசுகூட இல்லை. மேசையிலிருந்த சின்னத் திசைகாட்டியை அதன் அருகே கொண்டுபோனேன். ஊசி துடித்துத் திரும்பியது. ஓட்டத்தைச் சீராக வைக்கும் மெல்லிய கம்பிச் சுருளான மயிர்ச்சுருளில் காந்தம் ஏறி, சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. சுருளின் நீளம் குறைந்தால் ஓட்டம் வேகமாகும். காந்தம் நீக்கும் கருவியில் வைத்து எடுக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. இரவில் எங்கே வைப்பீர்கள் என்று கேட்டேன். காந்த மூடி உள்ள டப்லெட் உறையின்மேல் என்றார். ஹெட்செட்டிலும் காந்தம் இருக்கிறது, அதன் பக்கத்திலும் வைக்காதீர்கள். 1940களின் இறுதியில் பிரித்தானிய விமானப்படைக்காக வந்த மார்க் 11 மணிக்கூட்டில் இயந்திரத்தைச் சுற்றி மெல்லிரும்புக் கூடு வைத்ததும் இந்தக் காந்தத்துக்குப் பயந்துதான்.

நான்காம் படி: நம்முடைய அரை மணிச் சிக்கல்

இதை வெளிநாட்டு விளக்கங்களில் காண மாட்டீர்கள். விமானத் துறையில் நேரத்தை யூடிசியில், அதாவது உலகப் பொது நேரத்தில், சொல்வார்கள், வானொலியில் "சூலு". இலங்கை நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால். காலை 10:00 என்றால் சூலு 04:30.

இரண்டு நேரம் காட்டும் ஜிஎம்டி மணிக்கூடுகளில் நான்காவது முள் ஒன்று 24 மணியில் ஒரு சுற்றுச் சுற்றும். அதை மாற்றும்போது பெரும்பாலும் முழு முழு மணியாகத்தான் துள்ளும். அரை மணிக்கு இடமில்லை. லண்டனிலோ சிங்கப்பூரிலோ இருப்பவருக்கு இது சிக்கலே இல்லை. நமக்கும் இந்தியாவுக்கும் சிக்கல்.

வழி இருக்கிறது. 24 மணி எழுதிய வெளிவளையம் சுழல்கிற மணிக்கூடாக எடுங்கள். நான்காவது முள்ளை நம் நேரத்திலேயே விட்டுவிட்டு, வளையத்தை வலப்பக்கமாக ஐந்தரை மணி திருப்புங்கள். காலை பத்துக்கு அந்த முள் வளையத்தின் 4க்கும் 5க்கும் நடுவே நிற்கும். நிமிடத்துக்கு மட்டும் மனதில் 30 கூட்டிக்கொள்ள வேண்டும். ஆனால் வாங்குமுன் வளையத்தைத் திருப்பிப் பாருங்கள். சுற்றுக்கு 24 சொடுக்கு மட்டும் உள்ள வளையம் அரை மணியில் நிற்காது.

இந்தத் தொல்லை வேண்டாம் என்றால் கெசியோ போன்ற டிஜிட்டலில் உலக நேரம் உள்ளதை எடுங்கள். யூடிசி தனியாகத் தெரியும், பிசகே வராது. அந்தத் தம்பிக்கு நான் சொன்னது இதைத்தான். 1996இல் மின்தட்டுப்பாட்டால் நாட்டின் நேரத்தை முதலில் ஆறரை, பிறகு ஆறு மணி வித்தியாசத்துக்கு மாற்றி, 2006 ஏப்ரலில்தான் மறுபடி ஐந்தரைக்குக் கொண்டுவந்தார்கள். அந்தக் காலத்து டிஜிட்டல் ஏதாவது வீட்டில் கிடந்தால் அதில் கொழும்பு நேரம் சரியா என்று ஒருமுறை பார்த்துவிட்டுக் கட்டுங்கள்.

ஐந்தாம் படி: கண்ணாடி, தண்ணீர், உப்பு

கண்ணாடி சஃபையராக இருந்தால் இலேசில் கீறல் விழாது. மினரல் கண்ணாடி விலை குறைவு, கீறும், மோசமில்லை.

தண்ணீருக்கு 100 மீற்றர் என்று எழுதியிருப்பதை எடுங்கள். 30 மீற்றர் என்றால் மழைக்கும் கை கழுவவும் மட்டும். முப்பது மீற்றர் ஆழத்துக்குப் போகலாம் என்று அர்த்தம் இல்லை. தண்ணீரைத் தடுப்பது உள்ளே இருக்கும் மெல்லிய றப்பர் வாஷர். நம் ஊர் வெக்கையிலும் உப்புக்காற்றிலும் அது சீக்கிரம் காய்ந்து வெடிக்கும். பற்றரி மாற்றும் ஒவ்வொரு முறையும் வாஷரையும் மாற்றச் சொல்லுங்கள். நிலாவெளியில் குளித்துவிட்டு வந்தால் நல்ல தண்ணீரில் கழுவுங்கள். கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குப் போகும்போது கழற்றி வைத்துவிடுங்கள். சூட்டில் உலோகமும் றப்பரும் ஒரே அளவில் விரியாது, இடைவெளி விழுந்தால் ஆவி உள்ளே போகும். கண்ணாடிக்கு உள்பக்கம் பனி படர்ந்த மணிக்கூடுகள் இப்படித்தான் என் மேசைக்கு வருகின்றன.

ஆறாம் படி: வார்

மணிக்கூட்டை இரண்டு பக்கமும் பிடித்திருப்பவை தீக்குச்சியை விட மெல்லிய இரண்டு பின்கள். சாதாரண வாரில் ஒரு பின் தெறித்தாலே மணிக்கூடு கழன்று விழும். தரையில் விழுந்தால் கண்ணாடி உடையும், அவ்வளவுதான். விமானத்துக்குள் விழுந்தால் மிதிகட்டைக்கு அடியிலோ கட்டுப்பாட்டுக் கம்பிகளுக்கு இடையிலோ போய்ச் சிக்கலாம். ஒரு சின்னப் பொருள் சிக்கினாலே விமானத்தைத் திருப்ப முடியாமல் போகும்.

அதனால் ஒரே துண்டாக, இரண்டு பின்களுக்கும் அடியால் ஓடும் நைலோன் வாரைப் போடுங்கள். பிரித்தானியப் படையினர் 1970களிலிருந்து பாவித்துவரும் வகை. ஒரு பின் போனாலும் மற்றதில் மணிக்கூடு தொங்கி நிற்கும். வியர்வையில் நாறினால் சவர்க்காரம் போட்டுத் தோய்க்கலாம். தோல் வார் இந்த ஊரில் ஆறு மாதத்தில் பூஞ்சணம் பிடிக்கும்.

கட்டிய பிறகு உள்ளங்கையைப் பின்னால் வளைத்து, கைப்பிடியைப் பிடிப்பதுபோல வைத்துப் பாருங்கள். சாவி புறங்கையில் குத்தினால் அந்த மணிக்கூடு வேண்டாம், அல்லது சாவி 4 மணி இடத்தில் உள்ளதைப் பாருங்கள்.

ஏழாம் படி: ஒரு வாரம் பழகுங்கள்

வாங்கிய அன்றே ஃபோன் நேரத்தோடு விநாடி சரியாக வைத்துவிட்டு, ஏழு நாளும் ஒரே நேரத்தில் எத்தனை விநாடி விலகியிருக்கிறது என்று கொப்பியில் எழுதுங்கள். ஒவ்வொரு நாளும் ஒரே அளவு விலகினால் நல்லது, கணக்கில் கழித்துக்கொள்ளலாம். ஒரு நாள் இரண்டு, மறுநாள் பன்னிரண்டு என்றால் திருப்பிக் கொடுங்கள். பற்றுச்சீட்டை அதுவரை எறிய வேண்டாம்.

நிமிடம் எழுதிய சுழல் வளையம் இருந்தால் அதையும் பழகுங்கள். பஸ் புறப்படும்போது வளையத்து முக்கோணத்தை நிமிட முள்ளுக்கு நேரே வையுங்கள். பிறகு எப்போது பார்த்தாலும் முள் காட்டும் வளைய எண்தான் கடந்த நிமிடம். டவுனிலிருந்து கிண்ணியாவுக்குப் போகும் வழியில் ஒவ்வொரு பாலத்துக்கும் எத்தனை நிமிடம் என்று எழுதி, திரும்பி வரும்போது ஒத்துப் பாருங்கள். எந்த மணிக்கூட்டுக்கு அனுமதி என்பதில் உங்கள் பயிற்சியாளர் சொல்வதே முடிவு, காசைக் கொடுக்குமுன் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

அந்தத் தம்பி இரண்டு நாள் கழித்து வேறொன்றோடு வந்தார். கறுப்பு டயல், உலக நேரம் காட்டும் சின்ன டிஜிட்டல் கட்டமும் உண்டு. கண்ணை மூடித் திறந்து மூடினார். "நாப்பத்தொண்டு" என்றார். நானும் பார்த்தேன், முள் 42ஐத் தொட்டுக்கொண்டிருந்தது.