கூத்து ஜமாவுக்கு ராத்திரிக் கூலி பேசுவது எப்படி

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் திரௌபதி அம்மன் கோயிலில் பாரதக் கூத்து வைக்க ஊர்க்காரர்கள் ஜமாவை, அதாவது கூத்துக் குழுவை, தேடி வரும்போது, "போன வருஷம் கொடுத்ததையே வச்சுக்கங்க" என்றுதான் பேச்சைத் தொடங்குவார்கள். தலையாட்டி வெற்றிலை பாக்கை வாங்கிவிட்டால் அப்புறம் பேச இடமில்லை. கணக்கு அதற்கு முன்பே கையில் இருக்க வேண்டும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒரு ராத்திரிக்கு ரூ.28,000 பேச்சு. வேன் 4,200, அரிதாரம் 600, கிரீடம், புஜக்கட்டை (தோளில் கட்டும் அணி), உடுப்பு தேய்மானம் 1,200, மேளத்தோல், சீவாளி (ஊதுகுழலின் நாக்கு) 400. செலவு 6,400 போக மீதி 21,600. ஜமாவில் 14 பேர்: முழுப் பங்கு 8 பேருக்கு, முக்கால் பங்கு 4 பேருக்கு, அரைப் பங்கு 2 பேருக்கு. மொத்தம் 12 பங்கு. ஒரு பங்கு 1,800, முக்கால் 1,350, அரை 900.

தேய்மானத்தை எடுத்து வைக்காமல் எல்லாவற்றையும் பங்கு போடும் ஜமாக்கள்தான் அதிகம். அந்தச் செலவு கடைசியில் ஜமாவை நடத்தும் வாத்தியார் தலையில் கடனாக விழும். அடுத்த சீசனில் அவர் கணக்கைக் காட்டத் தயங்குவார். சண்டை அங்கேதான் முளைக்கும்.

இனி நேரத்தைப் பாருங்கள். மதியம் மூன்று மணிக்குக் கிளம்பி, விடிய விடிய ஆடி, மறுநாள் காலை ஒன்பதுக்கு வீடு திரும்பினால் 18 மணி நேரம். முழுப் பங்குக்காரருக்கே மணிக்கு 100 ரூபாய். அரைப் பங்குப் பையனுக்கு 50. அவனும் அதே வேனில்தான் போகிறான், அதே தூக்கத்தைத்தான் கெடுக்கிறான். இந்த ஒரு வரியை ஊர்ப் பெரியவர்களிடம் சொன்னால் பேரம் கொஞ்சம் அடங்கும். கற்றுக்கொள்ளும் பையனுக்கு எத்தனை ஆட்டம் வரை அரைப் பங்கு என்பதையும் ஜமாவுக்குள் முன்பே முடிவு செய்துவிடுங்கள்.

பேசியதை ஒரு பக்கத் தாளில் எழுதி இரு தரப்பும் கையெழுத்துப் போடுங்கள். தேதி, ஆட்டம், மொத்தத் தொகை, சாப்பாடு, தங்க இடம், மைக் செட் யார் பொறுப்பு என்பதெல்லாம் அதில் வர வேண்டும். முக்கியமானது மழையும் போலீசும். ஒலி மாசு விதிகள், 2000 படி ராத்திரி 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. திருவிழாக் காலத்துக்கு மாநில அரசு தளர்த்தினாலும் நள்ளிரவு 12 வரைதான், அதுவும் வருஷத்துக்கு 15 நாளுக்கு மேல் இல்லை. ஆகவே "அனுமதி வாங்குவது ஊர்ப் பொறுப்பு, பாதியில் நிறுத்தினாலும் முழுக் கூலி" என்று எழுதுங்கள். மழைக்கு: வேன் கிளம்பும் முன் சொன்னால் முன்பணம் மட்டும், கிளம்பிய பிறகு பாதி, அரிதாரம் பூசிய பிறகு முழுத் தொகை.

அர்ச்சுனன் தபசுக்கு மரம் ஏறுவதும் பகலில் படுகளம் (துரியோதனன் வதம்) நடத்துவதும் ராத்திரிக் கூலியில் சேராது. தனித் தொகை கேளுங்கள். மரம் ஏறுகிறவருக்கு அதில் தனிப் பங்கு உண்டு என்பதையும் அப்போதே சொல்லுங்கள். ஆட்டத்தின் நடுவில் சட்டையில் குத்துகிற நோட்டு ஆடுகிறவருக்கா, பொதுவுக்கா என்பதை வேஷம் கட்டும் முன்பே முடிவு செய்யுங்கள். நடுராத்திரியில் நியாயம் பேச முடியாது.

பார்க்க வந்தவர் செல்போனில் எடுப்பது ஒன்று, யூடியூப் சேனல்காரர் இரண்டு கேமரா வைத்து எடுப்பது வேறு. பதிப்புரிமைச் சட்டம், 1957 பிரிவு 38 நிகழ்த்துகிறவருக்கு 50 ஆண்டு உரிமை தருகிறது. ஊர் தர்மகர்த்தா அனுமதித்தார் என்பது போதாது; வாத்தியார் ஒருவர் கையெழுத்தும் போதாது. ஆடியவர், வாசித்தவர் எல்லோரிடமும் எழுதி வாங்கட்டும். வணிகமாகப் பயன்படுத்தினால் ராயல்டி கேட்கும் உரிமை 2012 திருத்தத்தில் வந்தது. அதை விட்டுக்கொடுக்கும் வரி சேனல்காரர் நீட்டும் தாளில் இருக்கிறதா என்று படித்த பிறகே கையெழுத்து.

பணத்தை மூன்றாகப் பிரித்து வாங்குங்கள்: வெற்றிலை பாக்கோடு ஒன்று, அரிதாரம் பூசும் முன் ஒன்று, விடியற்காலை மங்களம் பாடுவதற்கு முன் ஒன்று. விடிந்த பிறகு போனால் பணப்பைக்காரர் தூங்கப் போயிருப்பார். செக் கொடுத்துத் திரும்பி வந்தால், செக் திரும்பியதாக வங்கி தரும் சீட்டு கிடைத்த 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். அது சேர்ந்த 15 நாளில் பணம் வராவிட்டால் அடுத்த ஒரு மாதத்துக்குள் வழக்கு. வெறும் பாக்கி என்றால் மூன்று ஆண்டுக்குள் கேட்கலாம். முதலில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுங்கள். அவர்கள் நடத்தும் மக்கள் நீதிமன்றத்தில் கோர்ட் கட்டணம் கிடையாது. அங்கே கையில் இருக்க வேண்டியது அந்த ஒரு பக்கத் தாள்தான்.