நடமாடும் கழிப்பறை வண்டி: கதவை எண்ணுகிறோம், தொட்டியை மறந்துவிடுகிறோம்

கோயில் கொடையோ, தோட்டத்தில் பந்தல் போட்டு நடக்கும் கல்யாணமோ, இப்போதெல்லாம் ஓரமாக ஒரு கழிப்பறை வண்டி நிற்கிறது. டிராக்டர் இழுத்து வந்து விட்டுவிட்டுப் போகும். நாலோ ஆறோ கதவு, மேலே தண்ணீர்த் தொட்டி, அடியில் கழிவுத் தொட்டி. வாடகைக்கு எடுப்பவர்கள் எத்தனை கதவு, டைல்ஸ் பதித்திருக்கிறதா, கண்ணாடி இருக்கிறதா என்று விசாரிப்பார்கள். அடியில் இருக்கும் தொட்டி எத்தனை லிட்டர் என்று கேட்பவர் அபூர்வம். ராத்திரி பதினோரு மணிக்கு வண்டி காலை வாருவது பெரும்பாலும் அந்தத் தொட்டியால்தான்.

கணக்கைப் பாருங்கள். கழுவவும் ஊற்றவும் சேர்த்து ஒரு தடவைக்கு 5 லிட்டர் என்று குறைவாகவே வைப்போம். 300 பேர், ஆளுக்கு இரண்டு தடவை என்றால் 3,000 லிட்டர். அடித்தொட்டி 1,000 லிட்டர்தான் என்றால் நிகழ்ச்சி முடிவதற்குள் இரண்டு முறையாவது காலி செய்தாக வேண்டும். பழைய மாதிரி 10 லிட்டர் பிளஷ் டேங்க் மாட்டிய வண்டியானால் கணக்கு இன்னும் எகிறும். இதைக் கவனிக்காமல், “தண்ணீர் போதாமல் போய்விடும்” என்று பயந்து இன்னொரு லாரித் தண்ணீர் சொல்லி வைப்பார்கள். மேலே ஊற்றுகிற ஒவ்வொரு லிட்டரும் கீழே வந்து சேரும். வந்தவர்கள் விட்டுப்போவது அதற்கு மேல். ஆகவே கழிவுத் தொட்டி தண்ணீர்த் தொட்டியைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். தலைகீழாக இருக்கிற வண்டிகளையும் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது இடம். இதில் நானே ஒரு முறை நன்றாக மாட்டிக்கொண்டேன். எங்கள் பக்கத்து ஊர்த் திருவிழாவில், பார்வைக்குப் படாமல் இருக்கட்டும் என்று வண்டியை மதிலோரம் மூலையில் நிறுத்தச் சொன்னேன். காலையில் வழி விசாலமாகத்தான் இருந்தது. மத்தியானத்துக்குள் ஒரு பக்கம் அன்னதானப் பந்தல், மறுபக்கம் வளையல் கடை. தொட்டி நிரம்பிய நேரத்தில் கழிவுநீர் லாரி தெருமுனையிலேயே நின்றுவிட்டது, அதன் உறிஞ்சு குழாய் வண்டிவரை எட்டவில்லை. இரண்டு கதவுகளைக் கயிறு போட்டுக் கட்டிவிட்டு விடியும்வரை சமாளித்தோம். அன்றிலிருந்து நான் முதலில் பார்ப்பது லாரி வந்து நிற்கும் இடத்தை. அதன் குழாய் எத்தனை அடி என்று கேட்டுக்கொண்டு, அதற்குள் வண்டியை நிறுத்துகிறேன். அந்தப் பாதையில் யாரும் கடை போடாதபடி காலையிலேயே கயிறு கட்டிவிடுவதும் உண்டு. சமையல் கொட்டகையும் கிணறும் எட்டவே இருக்க வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

வண்டியை நிறுத்தும்போது சக்கரத்துக்குக் கட்டை கொடுக்காமல் டிராக்டரைக் கழற்றுவது ஆபத்தான அவசரம். சரிவு கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் சக்கரத்துக்குத் தெரியும். அப்புறம் ஜாக்கி. நாலு மூலை ஜாக்கியும் வண்டி ஆடாமல் பிடித்துக்கொள்ளத்தான்; வண்டியையே தூக்கி நிறுத்த அல்ல. பாரம் சக்கரத்தின் மேல்தான் இருக்க வேண்டும். வயல் மண்ணிலும் கரிசலிலும் ஜாக்கிக்கு அடியில் தடித்த பலகை வைக்காவிட்டால் சாயங்காலத்துக்குள் ஒரு பக்கம் இறங்கிவிடும். காரணம் எளிது: 1,000 லிட்டர் என்றால் 1 டன். காலையில் காலித் தொட்டியோடு ரசமட்டம் வைத்துப் பார்த்தது, தொட்டி நிரம்ப நிரம்பப் பொய்யாகிவிடும். பாதி நாளில் இன்னொரு தடவை பாருங்கள். வண்டி சாய்ந்தால் கதவு தானாகத் திறக்கும், தரைத் தண்ணீர் துளைக்குப் போகாமல் மூலையில் தேங்கும், தொட்டியின் அளவு காட்டியும் தப்பாகக் காட்டும்.

நாற்றத்துக்கு வருவோம். நாற்றம் வந்ததும் எல்லோரும் பினாயில் பாட்டிலைத்தான் தேடுகிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது தொட்டியிலிருந்து கூரைக்கு மேலே போகும் காற்றுக்குழாய். அதன் வாயைப் பந்தல் துணி மூடியிருக்கும், அல்லது மழைத்தண்ணீர் இறங்காமல் இருக்க யாராவது நல்லெண்ணத்தில் பிளாஸ்டிக் பை கட்டியிருப்பார்கள். மேலே போக வழியில்லாத வாயு கோப்பை வழியாக அறைக்குள்தான் வரும். இரண்டாவது, வளைகுழாயில் நிற்க வேண்டிய தண்ணீர். கை கழுவும் தொட்டியின் அடியில் குழாய் வளைந்திருப்பதே அதில் கொஞ்சம் தண்ணீர் தங்கி வாயுவைத் தடுக்கத்தான். பல நாள் ஷெட்டில் நின்ற வண்டியில் அது காய்ந்து போயிருக்கும். ஒவ்வொரு துளையிலும் ஒரு மக்குத் தண்ணீர் ஊற்றினால் பாதி நாற்றம் அங்கேயே நின்றுவிடும். முதல் ஆள் உள்ளே போவதற்கு முன்பே அடித்தொட்டியில் இரண்டு மூன்று குடம் தண்ணீர் ஊற்றி வையுங்கள். காய்ந்த தரையில் விழுவது அங்கேயே ஒட்டிக்கொள்ளும், பிறகு லாரி இழுத்தாலும் வராது.

பாதாளச் சாக்கடையில் நேரடியாக இணைக்க அனுமதி கிடைத்த இடத்தில் இன்னொரு தவறு நடக்கும். கழிவுத் தொட்டியின் வால்வைத் திறந்தே விட்டுவிடுவார்கள். தண்ணீர் மட்டும் ஓடிவிடும், திடக்கழிவு கூம்பாகக் குவிந்து நிற்கும். வால்வு மூடியே இருக்க வேண்டும். தொட்டி முக்கால்வாசி நிரம்பியதும் ஒரே வீச்சில் திறந்தால் எல்லாம் அடித்துக்கொண்டு போகும்.

சுத்தம் செய்யும்போது ஆசிட் ஊற்றிய இடத்தில் பிளீச்சிங் பவுடரைத் தூவாதீர்கள். குளோரின் வாயு கிளம்பும், நாலடி அறையில் ஓடவும் இடமில்லை. வண்டியில் பயோ டைஜெஸ்டர் இருந்தால் இரண்டுமே கூடாது. பாதுகாப்புத் துறையின் ஆராய்ச்சி நிறுவனமான டி.ஆர்.டி.ஓ. உருவாக்கிய, ரயில் பெட்டிகளிலும் வந்துவிட்ட முறை அது. கழிவைச் சிதைப்பது பாக்டீரியா. அதைக் கொன்றுவிட்டால் அது வெறும் தொட்டிதான்.

மின்சாரத்தைப் பற்றி இரண்டு விஷயம் போதும். தூரத்து ஜெனரேட்டரிலிருந்து ஒல்லி வயர் இழுத்தால் வோல்டேஜ் இறங்கி மோட்டார் உறுமிக்கொண்டே இருக்கும், தண்ணீர் ஏறாது. நனைந்த தரை, இரும்புப் படி, வெறுங்கால் மூன்றும் சேரும் இடம் இது. எர்த் கம்பியும் 30 மில்லி ஆம்பியர் மின்சாரம் கசிந்தாலே தானாக இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. சுவிட்சும் இல்லாமல் சுவிட்சைப் போட விடாதீர்கள்.

கதவைப் பிரிப்பதில் ஆண்களுக்குப் பாதி, பெண்களுக்குப் பாதி என்பது நியாயம் போலத் தெரியும். வரிசையைப் பார்த்தால் புரியும். பெண்களுக்கு நேரம் கூடுதலாகும், கைக்குழந்தையும் கூடவே வரும். ஆறு கதவில் நாலை அவர்களுக்கு விட்டு, ஆண்களுக்குத் தனியாக யூரினல் வையுங்கள். பெண்கள் பக்கம் ஒவ்வொரு அறையிலும் மூடியுள்ள குப்பைக்கூடை வேண்டும். அது இல்லாவிட்டால் நாப்கின் தொட்டிக்குள் போய் வால்வை அடைக்கும். அப்போது நாப்கின் போட்டவரைத் திட்டுவோம், கூடை வைக்காதவரை விட்டுவிடுவோம். புடவை கட்டிய பாட்டி இருட்டில் ஏறி இறங்கும் படிக்கு ஒரு கைப்பிடியும் ஒரு பல்பும் போடுங்கள். கூடவே, கையுறையும் பூட்ஸும் கொடுத்து, இருட்டிய பிறகும் இருப்பதற்கேற்ற கூலி பேசி ஓர் ஆளை நிறுத்துங்கள். வண்டியை இறக்கிவிட்டு ஆளே இல்லாமல் போவதுதான் இந்தத் தொழிலில் அதிகம் நடக்கிறது.

அடைப்பு வந்தால், தொட்டி சின்னதுதானே என்று யாரையும் உள்ளே குனிய விடாதீர்கள். அழுகிய முட்டை நாற்றமடிக்கும் ஹைட்ரஜன் சல்பைடு அளவு கூடினால் மூக்கையே மரக்கச் செய்துவிடும். நாற்றம் நின்றது போலிருக்கும், அதுதான் மோசமான நேரம். கழிவுநீர்த் தொட்டியைப் பாதுகாப்பு இல்லாமல் ஆளை விட்டுச் சுத்தம் செய்ய வைப்பது கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். சாக்கடை மரணங்களுக்கான இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2023இல் 10 லட்சத்திலிருந்து 30 லட்சமாக உயர்த்தியது. உள்ளாட்சி உரிமம் உள்ள லாரியைக் கூப்பிடுங்கள், கழிவு எங்கே கொட்டப்படும் என்றும் கேளுங்கள். ஏரிக்கரை, ஓடை என்று மழுப்பினால் வேறு லாரி பாருங்கள்.

காலி செய்த பிறகு 200 லிட்டர் நல்ல தண்ணீர் ஊற்றி இன்னொரு தடவை உறிஞ்சச் சொல்லுங்கள். நிறைந்த தொட்டியோடு வண்டியை இழுக்கக் கூடாது. உள்ளே தண்ணீர் அலைமோதும்போது திருப்பத்தில் வண்டி கவிழவும் கூடும். முதலில் டிராக்டரை மாட்டுங்கள், அப்புறம் ஜாக்கிகளைத் தூக்குங்கள், படியை மடியுங்கள், வால்வுக்கு மூடி போட்டிருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். சக்கரக் கட்டையைக் கடைசியாக எடுங்கள்.