இலக்கு எடை: முதலில் 5 சதவீதம் போதும்

எடை குறைக்கத் தொடங்கும்போது உயரத்துக்கு ஏற்ற எடை அட்டவணையில் உள்ள எண்ணை இலக்காக வைக்காதீர்கள். இன்றைய எடையில் 5 சதவீதம் குறைத்து வரும் எண்ணே முதல் இலக்கு. 84 கிலோ என்றால் 80. அதையும் ஒற்றை எண்ணாக வைக்காமல் 79 முதல் 81 வரை என்று வையுங்கள். ஓரிரு மாதம் அதிலேயே நின்று பார்த்துவிட்டு அடுத்த இலக்கை அப்புறம் முடிவு செய்யலாம்.

5 முதல் 10 சதவீதம் குறைந்தாலே பலருக்கு இரத்த அழுத்தமும் சர்க்கரையும் இறங்கத் தொடங்கும். ஒற்றை எண் ஏன் வேண்டாம்? கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் மதியம் வாழையிலைச் சாப்பாடு, அப்பளம், ஊறுகாய், மோர்மிளகாய் என்று ஒரு பிடி பிடித்தால் மறுநாள் காலை தராசு ஒரு கிலோ கூடக் காட்டலாம். அது பெரும்பாலும் உப்பு பிடித்து வைத்த தண்ணீர்தான், கொழுப்பு இல்லை. ஓரிரு நாளில் இறங்கிவிடும். அதற்காக மனம் தளர்ந்து பாதியில் விட்டுவிடாதீர்கள்.

இடுப்பையும் அளந்துகொள்ளுங்கள். நம்மவர்களில் ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டாமல் இருப்பது நல்லது. பிஎம்ஐ (உயரத்துக்கு எடை பொருத்தமா என்று காட்டும் எண்) பார்ப்பவர்கள் 25-ஐ எல்லையாக எடுக்க வேண்டாம். ஆசியர்களுக்கு 23-லிருந்தே கவனம் தேவை.

கர்ப்பிணிகள், வளரும் பிள்ளைகள், ஏற்கெனவே ஒல்லியாக இருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. இன்சுலின் போடுபவர்களும் வயதானவர்களும் கிளினிக்கில் டாக்டரிடம் கேட்டுவிட்டே எண்ணை முடிவு செய்யுங்கள்.